வெறுங்கால் ஷூ: எது உண்மை, எது விற்பனை, வீட்டில் செய்வது எப்படி

"வெறுங்கால் ஷூ" என்ற பெயரே ஒரு முரண். ஷூ போட்டால் அது வெறுங்கால் இல்லை. ஆனாலும் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்க இந்தப் பெயரில் பெரிய வியாபாரம் நடக்கிறது. வெளிநாட்டு பிராண்டு என்றால் ஒரு ஜோடி பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். நம்ம ஊர் ஓட்டக் குழுக்களிலும் இது அடிக்கடி பேச்சில் வருகிறது. முட்டி வலி, முதுகு வலி, குதிகால் வலி எல்லாத்துக்கும் இதுதான் மருந்து என்பார் ஒருத்தர். இதைப் போட்டுத்தான் என் கால் எலும்பு விரிசல் விட்டது என்பார் பக்கத்திலேயே இன்னொருத்தர்.

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிற ஆள். இரண்டு பேரும் எதை வைத்துப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். இரண்டு ஜோடி நானே செய்து போட்டும் பார்த்தேன். அந்தக் குறிப்புகளின் தொகுப்புதான் இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய, தட்டையான சோல் ஒரே ஒரு வேலையைத்தான் நிச்சயமாகச் செய்கிறது. தரை எப்படி இருக்கிறது என்பதைக் காலுக்குச் சொல்கிறது. அந்தத் தகவலை வைத்து நடையை மாற்றிக்கொள்வது காலின் வேலை, மூளையின் வேலை. தகவலைப் பெற நரம்பு இருக்க வேண்டும், பழக நேரம் இருக்க வேண்டும், தரையும் ஓரளவு ஒத்துழைக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் அது நல்லது செய்யாது. சிலருக்குக் கெடுதலே செய்யும்.

இது என்ன வகை ஷூ?

சாதாரண ஓட்ட ஷூவைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். குதிகால் பக்கம் உயரமாகவும் விரல் பக்கம் தாழ்ந்தும் இருக்கும். வழக்கமாக இந்த வித்தியாசம் 10 முதல் 12 மி.மீ. குதிகாலுக்குக் கீழே இரண்டு செ.மீட்டருக்கு மேல் நுரைப் பஞ்சு. உள்ளே பாதத்தின் வளைவைத் தாங்க ஒரு மேடு. முன்பக்கம் விரல்களை ஒன்றாகச் சேர்க்கிற மாதிரி குறுகலாக இருக்கும்.

வெறுங்கால் ஷூவில் இவை எல்லாம் தலைகீழ். குதிகாலும் விரலும் ஒரே மட்டம். சோல் 3 முதல் 10 மி.மீ. வரைதான், கையால் சுருட்டிவிடலாம். வளைவுக்குத் தாங்கல் கிடையாது. விரல்கள் விரிய இடம் உண்டு. இவ்வளவுதான் இதன் தொழில்நுட்பம். ஒரு பொருளில் எதையெல்லாம் சேர்த்தோம் என்று விளம்பரம் செய்வது வழக்கம். இங்கே எதையெல்லாம் எடுத்துவிட்டோம் என்பதுதான் விளம்பரம். எடுத்ததற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு புத்தகம் கிளப்பிய அலை

இந்த அலைக்குப் பெரிய காரணம் அமெரிக்கப் பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் மெக்டூகல் 2009ல் எழுதிய "பார்ன் டு ரன்" புத்தகம். மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் காப்பர் கேன்யன் என்ற பள்ளத்தாக்குப் பகுதி இருக்கிறது. அங்கே வாழும் ராராமுரி பழங்குடியினரை வெளியார் தாராஹுமாரா என்று சொல்வார்கள். பழைய டயரை வெட்டி, வார் கட்டி, "வராச்சே" என்கிற செருப்பாகப் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் பல பத்து மைல் ஓடுகிறவர்கள். 1993ல் அமெரிக்காவின் லெட்வில் 100 மைல் ஓட்டத்தில் ஜெயித்தவர் அவர்களில் ஒருவரான விக்டோரியானோ சுர்ரோ. அப்போது அவருக்கு வயது 55.

புத்தகம் படிக்கப் பிரமாதம், கீழே வைக்க முடியாது. என் கால் ஏன் வலிக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறார். பஞ்சு வைத்த ஷூதான் வில்லன், டயர் செருப்புதான் ஹீரோ என்கிற இடத்துக்கு நம்மை நைஸாகக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். எனக்குப் பிரச்சினையே அந்த நைஸான வேலையில்தான். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, விலை உயர்ந்த ஷூ போட்டவர்களுக்கு மலிவான ஷூ போட்டவர்களைவிட 123 சதவீதம் அதிகமாகக் காயம் பட்டது என்ற கணக்கு. இது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஓட்டக்காரர்களிடம் எடுத்த ஆய்விலிருந்து வருகிறது. எண் இருக்கட்டும். ஏற்கெனவே அடிபட்டவர்தானே தேடிப்போய் விலை அதிகமான ஷூவை வாங்குவார்? ஷூவால் காயமா, காயத்தால் ஷூவா என்பதை இந்த எண் சொல்லாது. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்குத்தான் பார்வைக் கோளாறு அதிகம், அதனால் கண்ணாடியைத் தூக்கிப் போடுங்கள் என்கிற மாதிரிதான் இது.

இரண்டாவது, புத்தகத்தின் உச்சமான 2006 காப்பர் கேன்யன் பந்தயம். ராராமுரி வீரர் அர்னுல்ஃபோ கிமாரே ஜெயித்தார். அவருக்குச் சில நிமிஷம் பின்னால் இரண்டாவதாக வந்த ஸ்காட் ஜூரெக் ஓடியது செருப்பில் இல்லை, சாதாரண ஓட்ட ஷூவில். அடுத்த வருஷம் அதே பந்தயத்தில் ஜூரெக்கே ஜெயித்தார். முடிவைத் தீர்மானித்தது காலணி என்றால் இது எப்படி நடக்கும்?

மூன்றாவது, ராராமுரிகளைப் பற்றிய சித்திரம். ஓடுவதற்கென்றே பிறந்த, நாகரிகம் கெடுக்காத மனிதர்கள் என்கிற மாதிரி ஒரு பிம்பம் புத்தகத்தில் உருவாகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேனும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2020ல் இதைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே "தடகளக் காட்டுமனிதன்" என்கிற கற்பனையைப் பிழை என்று சொல்கிறார்கள். ராராமுரிகளுக்கு ஓட்டம் ஒரு பிரார்த்தனை, ஒரு பந்தயம், பணயம் வைத்து ஆடும் ஊர்க் கொண்டாட்டம். ஆண்கள் மரப்பந்தை உதைத்துக்கொண்டே ஓடுவார்கள், பெண்கள் வளையத்தைக் குச்சியால் தள்ளிக்கொண்டே ஓடுவார்கள். தினசரி வாழ்க்கையிலும் மேடு பள்ளத்தில் நடையும் உழைப்பும்தான். அந்தக் கால்கள் அப்படி உருவானவை. செருப்பு அந்த வாழ்க்கையில் ஒரு சின்னப் பகுதி. புத்தகம் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டது.

ஆக, ஷூ கம்பெனிகள் செய்ததையேதான் புத்தகமும் செய்கிறது. தீர்வு காலணிக்குள் இருக்கிறது என்கிறது. கம்பெனி தடிமனில் தேடியது, இவர் மெல்லிசில் தேடுகிறார்.

வெறுங்கால் ஆதரவாளர்கள் தவறாமல் சொல்லும் இன்னொரு பெயர் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில் தங்கம் வாங்கினார். அதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். 1964 டோக்கியோவில் அவர் ஷூ போட்டு ஓடினார். 2 மணி 12 நிமிஷம் 11 விநாடி, மறுபடி தங்கம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2010 ஜனவரியில் நேச்சர் இதழில் லீபர்மேன் குழுவின் கட்டுரை வந்தது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் பாதத்தின் முன்பகுதியை முதலில் ஊன்றுகிறார்கள், அதனால் தரையில் மோதும் அதிர்ச்சி குறைகிறது என்பது அதன் சாரம். முக்கியமான, நல்ல ஆய்வு. ஆனால் அது அளந்தது மோதல் விசையை. காயம் குறையுமா என்பதை அது அளக்கவே இல்லை. இந்த இடைவெளியில்தான் விளம்பரக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். அந்த ஆய்வுக்கான நிதியில் ஒரு பகுதி விப்ரம் நிறுவனத்திடமிருந்து வந்தது என்பதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது.

வெறுங்கால்காரர்கள் எல்லோருமே முன்பாதம் ஊன்றுகிறவர்களா என்றால் அதுவும் இல்லை. 2013ல் வட கென்யாவின் டாசனச் மக்களிடம் நடந்த ஆய்வில், வாழ்நாள் முழுக்க வெறுங்காலில் நடப்பவர்களே தங்களுக்கு வசதியான வேகத்தில் ஓடும்போது 72 சதவீதம் குதிகாலைத்தான் முதலில் ஊன்றினார்கள். வேகம், தரை, பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் பாதம் விழும் விதத்தைத் தீர்மானிக்கின்றன.

அதே 2013ல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் இன்னொரு ஆய்வு. சாதாரண ஷூவில் ஓடிப் பழகிய 36 பேரில் 19 பேர் பத்து வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விப்ரம் ஃபைவ் ஃபிங்கர்ஸுக்கு மாறினார்கள். மற்ற 17 பேர் பழைய ஷூவிலேயே ஓடினார்கள். பத்து வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது மாறியவர்களில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. மாறாதவர்களில் ஒருத்தருக்கு மட்டும்தான். எலும்பு விரிசல் விட்டது என்று சொன்னாரே, அவர் கதை விடவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குதிகால் உயர்த்திய, பஞ்சு வைத்த ஷூ காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று 2009ல் கிரெய்க் ரிச்சர்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் தேடினார். ஒன்றும் சிக்கவில்லை. 2022ல் காக்ரேன் அமைப்பு 12 சோதனைகளை, 11,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஷூ வகையை மாற்றுவதால் காயம் குறைகிறது என்று அழுத்திச் சொல்ல அதிலும் வலுவான ஆதாரம் இல்லை. பத்தாயிரம் ரூபாய் பஞ்சு ஷூவுக்கும், பத்தாயிரம் ரூபாய் பஞ்சில்லாத ஷூவுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தீர்ப்பு.

விப்ரம் விஷயம் கோர்ட்டுக்கும் போனது. கால் தசை வலுவாகும், காயம் குறையும் என்று சொன்னதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2012ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2014ல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 37.5 லட்சம் டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. ஆதாரம் இல்லாமல் அப்படி விளம்பரம் செய்வதில்லை என்றும் ஒத்துக்கொண்டது.

அப்படியானால் மெல்லிய சோலால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2018ல் ஹோலோவ்கா குழு ராராமுரிகளின் பாதங்களை அளந்தது. மெல்லிய செருப்பு போட்டவர்களின் பாத வளைவு விறைப்பாகவும், அதைத் தாங்கும் சில தசைகள் பெரிதாகவும் இருந்தன. நம்ம நாட்டிலும் ஒரு ஆய்வு உண்டு. 1992ல் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களைப் பதிவெடுத்தார்கள். காலணி போடும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். போடாதவர்களில் 2.8 சதவீதம்தான். அதிலும் விரல் மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், திறந்த செருப்பு போட்டவர்களிடம் குறைவு. தட்டைப் பாதம் எல்லாமே நோய் இல்லை என்பதும், இது காரணத்தை நிரூபிக்கிற வகை ஆய்வு இல்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் வளரும் பிள்ளைகளை நாள் முழுக்க இறுக்கமான பள்ளிக்கூட ஷூவில் அடைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

தோல் தடித்தாலும் நரம்பு பேசும்

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2019ல் நேச்சரில் வந்தது. கென்யாவில் வெறுங்காலில் நடக்கிறவர்களையும் ஷூ போடுகிறவர்களையும் ஒப்பிட்டார்கள். வெறுங்காலில் நடந்தால் அடித்தோல் காய்த்துத் தடிக்கும். அப்படித் தடித்தால் தொடு உணர்ச்சி குறையும் என்றுதான் நாம் நினைப்போம். குறையவில்லை. காய்த்த தோல் கல்லிலிருந்து காப்பாற்றுகிறது, தரையின் அதிர்வை அப்படியே உள்ளே நரம்புக்கும் அனுப்புகிறது. பஞ்சு சோல் காப்பாற்றும், ஆனால் தகவலையும் விழுங்கிவிடும்.

இதன் மறுபக்கத்தை நமக்கு எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே சொன்ன ஊர் வேலூர். 1946ல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்களை வருஷக்கணக்கில் கவனித்தார். நோய் சதையை அரித்துத்தான் விரலும் பாதமும் அழிகின்றன என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். அவர் கண்டது வேறு. நோய் அழிப்பது நரம்பை. வலி தெரியாததால் அவர்கள் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி நடக்கிறார்கள், ஆணி குத்தினாலும் நிற்பதில்லை. அதில் வருகிறது புண். நமக்குக் கல் குத்தினால் நொண்டுகிறோமே, அந்த நொண்டல்தான் நம் பாதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அதனால் வேலூரிலும் பக்கத்தில் உள்ள கரிகிரி மருத்துவமனையிலும் அவர்களுக்குச் செய்த செருப்பு, வெறுங்கால் ஷூவுக்கு நேர் எதிரானது. அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், மேலே மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றைக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருகிறார்களே, அது இந்த வழியில் வந்ததுதான். உடலின் எடையைப் பாதம் முழுக்கப் பரப்புவது அதன் வேலை. தானாக நடையை மாற்றிக்கொள்ள முடியாத காலுக்கு அந்த வேலையைச் செருப்பு செய்து கொடுக்கிறது.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல் கணக்குச் சொன்னது. அவர்களில் பலருக்குப் பாத உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும், குறைவது தெரியவே தெரியாது. "தரையை உணருங்கள்" என்கிற விளம்பரத்தை நாற்பது, ஐம்பது வயது ஆளிடம் காட்டும் கம்பெனி, உங்கள் கால் உணர்கிறதா என்று ஒரு வரி கேட்பதில்லை. இந்தத் துறை மேல் எனக்குள்ள பெரிய கோபம் இதுதான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கண்ணை மூடி உட்காருங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஒவ்வொன்றாக ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் மெல்லிய சோல் உங்களுக்கு வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இந்தச் சோதனையில் தேறினாலும் டாக்டரைக் கேட்காமல் மாற வேண்டாம்.

நம்ம ஊர் டயர் செருப்பு

ராராமுரி டயர் செருப்பைப் பற்றிப் படிக்கும்போது தமிழ்நாட்டில் நாற்பது வயசு தாண்டியவர்களுக்குச் சிரிப்புதான் வரும். லாரி டயரை வெட்டி, டயர் வாரையே ஆணி அடித்துக் கோத்த செருப்பு நம்ம ஊர்ச் சந்தையில் தொங்கியதுதானே? ஆடு மேய்ப்பவர்கள், வயல்வேலை செய்பவர்கள், கல் உடைப்பவர்கள் போட்டது. சீமைக் கருவேல முள் ஹவாய் செருப்பை ஊடுருவிக் காலில் ஏறும். டயருக்குள் இருக்கும் நைலான் துணி அடுக்கு அதைத் தடுக்கும். தட்டை சோல், விரலுக்குத் தாராள இடம். ஆனால் கெட்டி, கனம், வளையாது. வெறுங்கால் ஷூ இலக்கணத்தில் பாதிதான் தேறும்.

அதை யாரும் ஆரோக்கியத்துக்காகப் போடவில்லை, வேறு செருப்புக்குக் காசில்லாமல் போட்டார்கள். அதைவிட முக்கியமான விஷயம், இந்த மண்ணில் வெறுங்கால் எல்லோருக்கும் அவரவர் விருப்பமாக இருந்ததில்லை. ஊர்த்தெருவில் தலித்துகள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கொடுமை பல கிராமங்களில் இருந்தது. அது இன்னும் முழுசாக ஒழியவில்லை என்பதற்கு அவ்வப்போது செய்தி வருகிறது. கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் நுழைகிறது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. ஆகவே, "நம் முன்னோர்கள் வெறுங்காலோடு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று யாராவது ஆரம்பித்தால், எந்த முன்னோர், யார் கழற்றச் சொன்னது என்று திருப்பிக் கேளுங்கள்.

செய்வது எப்படி?

இனி கைவேலை. மூடிய ஷூ தைக்க அச்சுக்கட்டை, தையல் எல்லாம் வேண்டும். வார் கட்டிய செருப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிக்கலாம். எனக்கு ஒரு ஜோடிக்கு 400 ரூபாய்க்குள் ஆனது.

தேவையானவை: செருப்பு சோலுக்கான ரப்பர் தாள், முதல் ஜோடிக்கு 6 மி.மீ. தடிமன். சென்னையில் பெரியமேடு பக்கம் தோல், ரப்பர் தாள் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். காலுக்கு 180 செ.மீ. வீதம் இரண்டு துண்டு வழுவழுப்பில்லாத நைலான் நாடா அல்லது தோல் வார். தடித்த காகிதம், நல்ல கத்தரி, 6 மி.மீ. துளை போடும் பஞ்ச். பழைய டயரில்தான் செய்வேன் என்றால் ரேடியல் டயரைத் தொடாதீர்கள். தரைபடும் பகுதிக்குள் இரும்புக் கம்பி வலை இருக்கும், வெட்டவும் முடியாது, பின்னால் காலையும் கிழிக்கும். நைலான் டயராகப் பாருங்கள். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் பிடிக்காமல் வெட்டும்.

1. மாலையில் அளவெடுங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. காகிதத்தின் மேல் முழு எடையும் ஊன்றி நில்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொருவர் வரையட்டும். குனிந்து நீங்களே வரைந்தால் எடை மாறி அளவு மாறும். இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுங்கள். ஒன்று போல மற்றொன்று இருக்காது.

2. நின்றபடியே மூன்று புள்ளி வையுங்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒன்று. கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று.

3. கோட்டைச் சுற்றி விரல் பக்கம் 6 மி.மீ., குதிகால் பக்கம் 3 மி.மீ. கூட்டி வரையுங்கள். முன்பக்கத்தைக் கூராக்க வேண்டாம். பெருவிரல் பக்கம் நேராகப் போகட்டும். கணுக்கால் புள்ளிகள் இருக்கும் இடத்தில் காது மாதிரி கொஞ்சம் வெளியே தள்ளி வரையுங்கள். துளைக்கும் விளிம்புக்கும் நடுவில் 10 மி.மீட்டராவது ரப்பர் இருக்க வேண்டும், இல்லையென்றால் கிழிந்துவிடும்.

4. காகிதத்தை வெட்டி, அதன் மேல் ஏறி நின்று சரிபார்த்த பிறகே ரப்பரில் கை வையுங்கள்.

5. ரப்பரை வெட்டி மூன்று துளையும் போடுங்கள். விரல் துளையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் குழிவாகச் செதுக்கிவிடுங்கள். நாடாவின் முடிச்சு அந்தக் குழிக்குள் உட்கார வேண்டும். இந்தச் செருப்பின் பலவீனமான இடமே அதுதான். முடிச்சு வெளியே துருத்தினால் தரையில் தேய்ந்து சில வாரத்தில் அறுந்துவிடும்.

6. நாடாவின் நுனியில் முடிச்சுப் போட்டு, அடியிலிருந்து விரல் துளை வழியே மேலே இழுங்கள். பாதத்தின் குறுக்கே வெளிக் கணுக்கால் துளைக்குக் கொண்டுபோய் மேலிருந்து கீழே நுழைத்து, விளிம்பைச் சுற்றி மேலே கொண்டுவந்து அதே நாடாவுக்கு அடியில் கோத்து இறுக்குங்கள். பிறகு குதிகாலுக்குப் பின்னால் சுற்றி உள்பக்கத் துளையில் அதே மாதிரி. மீதியைப் பாதத்தின் மேல் கொண்டுவந்து முன் நாடாவோடு சேர்த்துக் கட்டுங்கள்.

7. குதிகால் நாடா இறுக்கமாகவும் விரலிடை நாடா தளர்வாகவும் இருக்க வேண்டும். விரல் இடுக்கு எரிந்தால், செருப்பைக் குதிகால் பிடிக்கவில்லை, விரல் இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

பஞ்ச் இல்லாதவர்கள் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் போங்கள். நான் போனவர் என் காகித அளவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத்தானே சார் நாங்க டயர்ல அடிச்சுக் கொடுத்தோம். அப்ப வேணாம்னுட்டு இப்ப நீங்களே வெட்டிக்கிட்டு வர்றீங்க" என்றார். "என்னண்ணே பண்றது, இப்பதான் புக்குல போட்டிருக்கான்" என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் ஆறு துளையையும் சுத்தமாகப் போட்டார். குழியையும் அவரே செதுக்கினார், எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். இந்த வேலையைச் சாதியோடு கட்டி இழிவாக வைத்திருந்த சமூகம் நம்முடையது. நமக்கு இது வாரக்கடைசிப் பொழுதுபோக்கு என்றால் அவருக்குப் பிழைப்பு. கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பழகுவது எப்படி?

செய்வதைவிட இதுதான் கஷ்டம். இத்தனை வருஷம் குதிகால் உயர்ந்த ஷூவிலேயே இருந்த கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணும் திடீரென்று முழு நீளத்துக்கு இழுபடும். தசை சில வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கு மாதங்கள் வேண்டும். பிரிகம் யங் ஆய்வில் பத்து வாரமே போதவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

நான் கடைப்பிடித்த முறை: முதல் மாதம் வீட்டிலும் கடைக்குப் போகவும் மட்டும், நாளைக்கு இருபது நிமிஷம். இரண்டாவது மாதம் அரை மணி நடை. ஓட்டம் நான்காவது மாதம்தான், அதுவும் வழக்கமான ஓட்டத்தின் கடைசி ஐந்து நிமிஷம் மட்டும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஒரு நாள் ஓய்வு போதும். பாதத்தின் மேல்பக்கம் எலும்பில் ஒரு புள்ளியில் விரல் வைத்தால் வலிக்கிறது என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு 6 மி.மீ. ரப்பர் போதாது. கருவேல முள் உள்ள இடத்துக்கும் இது ஆகாது.

இதனால் எனக்கு என்ன கிடைத்தது? மாயம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும்போது குதிகாலைத் தொம்மென்று போடுவது குறைந்திருக்கிறது, அடி சின்னதாகியிருக்கிறது. பஞ்சு ஷூ போட்டுக்கொண்டே இதைப் பழகியிருக்கலாமா? பழகியிருக்கலாம். ஆனால் தப்பாக ஊன்றினால் உடனே சுரீர் என்று சொல்லித் தரும் வாத்தியார் அந்த ஷூவில் இல்லை. மெல்லிய சோலுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் அந்த வாத்தியார் வேலைக்கு மட்டும்தான். அந்த வேலையை 400 ரூபாய் ரப்பரும் பத்தாயிரம் ரூபாய் பிராண்டும் ஒரே மாதிரிதான் செய்கின்றன. வாங்குவதற்கு முன்னால் அந்த ஆறு விரல் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். வீட்டில் அப்பா அம்மாவுக்கும் செய்து பாருங்கள், அவர்கள் ஷூவே போடாதவர்களாக இருந்தாலும்.